நன்றி சொல்லப் போன் எடுப்பதா, வட்ஸ்அப் போடுவதா, கடிதம் எழுதுவதா?

பக்கத்து வளவு அண்ணை தன்னுடைய வாட்டர் பம்பை இரண்டு நாள் இரவல் தந்தார் என்பதற்காக அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், "என்ன தம்பி, ஏதும் கோவமோ?" என்றுதான் கேட்பார். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் நெருங்கின ஆட்களுக்கு வாயால் நன்றி சொல்வதே ஒரு மாதிரித்தான், அதை எழுத்தில் வேறு கொடுத்தால் உங்களுக்கும் எனக்கும் இத்தோடு கணக்கு முடிந்தது என்று சொன்னதாகிவிடும். அவருக்குச் செய்ய வேண்டியது வேறு. பம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணெய் நிரப்பிக் கொடுப்பது, காலபோக விதைப்பு நேரம் அவருடைய வயலில் ஒரு நாள் போய் நிற்பது, அவர் வீட்டுச் சாமத்திய வீட்டுக்கு முதல் நாள் இரவே போய்த் தேங்காய் துருவுவது. இதற்கெல்லாம் பேர் நன்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் செய்யாமல் விட்டால் மட்டும் நன்றி கெட்டவன் என்று கட்டாயம் சொல்வார்கள்.

ஆகவே கையால் எழுதின நன்றிக்கு இன்றைக்கு மதிப்பு இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை, யாருக்கு என்று கேட்க வேண்டும். நான் பார்ப்பது ஒரே ஒரு விசயம்தான்: உதவி செய்தவருக்குத் திருப்பிச் செய்ய உங்களுக்கு வழி இருக்கிறதா? இருந்தால் கடிதம் தேவையில்லை. அவர் உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வரப்போவதும் இல்லை, நீங்கள் அவர் வீட்டுப் படலையைத் திறக்கப்போவதும் இல்லை, ஆனாலும் அவர் செய்தது பெரிய காரியம் என்றால் கடிதத்துக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. பிள்ளையின் ரீச்சர், ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க அம்மாவைப் பார்த்த தாதி, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், காணிக் கோப்பைத் தேடி எடுத்துத் தந்த உத்தியோகத்தர், கனடாவில் இருந்து முகம் தெரியாமல் படிப்புக்குக் காசு அனுப்பினவர், இப்படியானவர்கள். சொந்தமும் இல்லை, முழு அந்நியமும் இல்லை.

சரி, மற்ற வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நேரில் போவதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதில் வாதம் இல்லை. அதுவும் வெறுங்கையோடு போகாமல், அறுவடை முடிந்த கையோடு புது அரிசி கொஞ்சம், இல்லாவிட்டால் ஒரு முட்டித் தயிர், ஒன்றும் இல்லாவிட்டால் வரும் வழியில் முறிகண்டியில் வாங்கின கச்சான் ஒரு பை. ஆனால் எல்லாரிடமும் போக முடியாது என்பதுதானே பிரச்சினையே. துணுக்காயில் இருக்கிறவர் முல்லைத்தீவுக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். போனாலும், அங்கே அந்த வீட்டில் உங்களுக்குத் தேத்தண்ணி போட்டு, மிக்சர் எடுத்து வைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து இருத்தி, கடைசியில் நன்றி சொல்லப் போன ஆள் இன்னொரு கடனோடு திரும்பி வருவார்.

அடுத்தது நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த நன்றி நவிலல். செத்த வீடு முடிந்து 31ஆம் நாள் வருகிற நேரம் பத்திரிகையில் கொடுப்பது, அல்லது அந்தியேட்டி அழைப்பு அட்டையிலேயே கீழே அச்சடிப்பது. செய்தி கேட்டு ஓடோடி வந்தவர்களுக்கும், மலர்வளையம் சாத்தியவர்களுக்கும், கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் வெளியிட்டவர்களுக்கும், பல வழிகளிலும் உதவி புரிந்தவர்களுக்கும் என்று போகும், பெயரையும் படத்தையும் மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். இதைக் கேலி செய்வது சுலபம், நான் செய்ய மாட்டேன். ஒரு செத்த வீட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார், பந்தல் போட்டது யார், பறைக்குச் சொன்னது யார் என்று அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பெயர் சொல்லி நன்றி சொல்லப் போய் ஒருவரை விட்டுவிட்டால் அது அடுத்த தலைமுறைக்கும் போகிற கோபம். பெயர் சொல்லாத நன்றிக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் அந்த விளம்பரத்தைப் பார்த்து, இது எனக்குத்தான் என்று நினைக்கிற ஆள் ஒருவரும் இல்லை என்பதும் உண்மை. ஊர்ச் சபைக்கு அது போதும். அப்பா விழுந்த அன்று தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடின பெடியனுக்கு அது போதாது, அவனுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டும்.

போன் எடுப்பது நல்ல வழி, நாம் நினைப்பதைவிட நல்ல வழி. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்று அமெரிக்காவில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2021இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பேசினால் சங்கடமாக இருக்கும், எழுதி அனுப்பினால் போதும் என்று ஆட்கள் எண்ணுகிறார்கள், ஆனால் உண்மையில் குரல் கேட்டுப் பேசினவர்களுக்குள்தான் நெருக்கம் கூடுகிறது, அவர்கள் பயந்த சங்கடமும் பெரிதாக இருக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். நம் ஊரில் இதை ஆராய்ச்சி வைத்துச் சொல்லத் தேவையில்லை, லண்டனில் இருக்கிற மாமிக்குக் குரல் கேட்டால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது இரண்டாம் பட்சம். போனில் ஒரே குறை, நன்றி சொல்ல எடுத்த அழைப்பு நன்றியில் நிற்காது. மழை பெய்ததா, குளம் வான் பாய்கிறதா, யாருக்குக் கலியாணம் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் "சரி அப்ப வைக்கட்டே" என்று முடியும்போது, சொல்ல வந்ததைச் சொன்னோமா என்று நமக்கே சந்தேகம் வரும். அதோடு பதவியில் இருக்கிற ஆளுக்கு, வேலை நேரத்தில், நன்றி சொல்லப் போன் எடுத்தால் அடுத்த உதவி கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் பேசுவார்.

வட்ஸ்அப்பில் எழுதிப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கைகூப்பின படம் மூன்று, ஒரு ரோசாப்பூ, அவ்வளவுதான், ஐந்து நிமிடத்தில் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே போய்விடும். சின்ன உதவிக்குச் சின்ன நன்றியாக அது சரி. வொய்ஸ் போடுவது வேறு கதை, அதை நான் இதோடு சேர்த்து எண்ண மாட்டேன். ஆற அமர யோசித்து, நாய் குரைக்காத நேரம் பார்த்து, ஒரு நிமிடத்தில் சொல்ல வந்ததை மட்டும் சொல்லி அனுப்பின வொய்ஸ், போனில் இருக்கிற குரலும் கடிதத்தில் இருக்கிற ஒழுங்கும் இரண்டும் சேர்ந்தது. கண் தெரியாத வயதானவர்களுக்கு அதுதான் ஒரே வழி. இன்னொரு கூட்டத்துக்கும் அதுதான் வழி: வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். காசு அனுப்புவது இப்போது அப்பாமார் மட்டும் இல்லை, பேரப்பிள்ளைகளும் தங்கள் பிறந்தநாள் காசைச் சேர்த்து அனுப்புகிறார்கள், அவர்களில் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. அப்படி ஒரு பிள்ளைக்கு நீங்கள் அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால், அது தாயிடம் போய், தாய் வாசித்துச் சுருக்கமாகச் சொல்லி, "அவை சந்தோசமாம்" என்று முடிந்துவிடும். வொய்ஸ் என்றால் நேரே காதுக்குப் போகும்.

இப்போது கடிதம். அதன் பலம் காகிதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். அதே குமாரும் எப்லியும் 2018இல் நன்றிக் கடிதம் பற்றியே ஒரு ஆய்வு செய்தார்கள். எழுதுகிறவர்கள் 'சொற்கள் சரியாக வருமோ, வாசிப்பவருக்கு ஒரு மாதிரி இருக்குமோ' என்று கவலைப்பட்டார்கள், வாசித்தவர்கள் சொற்களைப் பார்க்கவில்லை, அதில் இருந்த அன்பைத்தான் பார்த்தார்கள், எழுதினவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடவே சந்தோசப்பட்டார்கள். கையால் எழுதுங்கள் என்று சொல்பவர்கள் இந்த ஆய்வைத்தான் அடிக்கடி தூக்கிக் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே கடிதங்கள் போனது மின்னஞ்சலில். ஆக, அந்தச் சந்தோசம் பேனையாலும் தாளாலும் வந்தது இல்லை, ஒருவர் இருந்து யோசித்து, எதற்கு நன்றி என்று விளக்கமாக எழுதினதால் வந்தது. எழுத்துப்பிழை வந்துவிடுமே, கையெழுத்து கோழி கிளறினது போல இருக்குமே என்று எழுதாமல் விட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படியென்றால் கையால் எழுதினால் என்ன, தட்டச்சில் அடித்தால் என்ன என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. முதலாவது, கையால் எழுதினதை நூறு பேருக்கு அனுப்ப முடியாது என்று வாங்குகிறவருக்குத் தெரியும். இரண்டாவது, வட்ஸ்அப்பில் வந்த நன்றிக்கு உடனே பதில் போட வேண்டும், 'பரவாயில்லை, அதுக்கென்ன' என்று, கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, வாசித்துவிட்டு வைக்கலாம். மூன்றாவது, அரச உத்தியோகத்தர் விசயத்தில் இது முக்கியம்: தாளில் இருக்கிற நன்றி மேசையில் இருக்கும், கோப்புக்குள் போகும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கந்தோரில் ஒரு வேலை முடிந்தால் கோழி, தேன், கருவாடு என்று கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, நல்ல மனதோடுதான் கொடுக்கிறோம். ஆனால் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தபிறகு, நேர்மையான உத்தியோகத்தர் ஒருவர் அந்தத் தேன் போத்தலைப் பார்த்துப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நன்றி என்று நீங்கள் நீட்டுவது அவருக்கு வில்லங்கமாக முடியக்கூடாது. ஒரு கடிதத்தில் அந்த வில்லங்கம் இல்லை. அதையும் அவருக்கு எழுதுவதோடு நிற்காமல், அவருடைய மேலதிகாரிக்கு எழுதி, பிரதியை அவருக்குக் கொடுங்கள்: இன்ன திகதியில் இன்ன விடயமாக வந்தேன், இவர் இன்னது செய்து தந்தார். அது அவருடைய சுயவிபரக் கோவையில் கிடக்கும், நாளைக்கு இடமாற்றம், பதவி உயர்வு என்று வரும்போது யாராவது புரட்டிப் பார்க்கலாம். முறைப்பாடு எழுத ஆயிரம் பேர் வருகிற மேசைக்கு இப்படி ஒன்று போனால் அதன் பெறுமதியே தனி. ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும் இதையே சொல்வேன். துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அன்று கேக் கொடுப்பதும் நல்லதுதான், அது அந்த நேர வேலைமுறையில் நின்றவர்களுக்குப் போகும், இரவு இரண்டு மணிக்கு ஓடிவந்தவர் அன்றைக்கு லீவில் நிற்பார். பெயர் போட்டு எழுதினால் அவரிடம் போய்ச் சேரும்.

வெளிநாட்டுக்கு எழுதுவதில் ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் எத்தனையோ பிள்ளைகள் உதவித்தொகையில் படித்தார்கள், இன்னும் படிக்கிறார்கள். நிறையத் திட்டங்களில், காசு வேண்டுமென்றால் பிள்ளை நன்றிக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கரும்பலகையில் ஒருவர் எழுதிப் போட, வரிசையில் இருந்து எல்லாரும் அதைப் பார்த்து எழுதுவார்கள்: அன்பும் பண்பும் நிறைந்த ஐயா அவர்களுக்கு, தாங்கள் செய்யும் பேருதவிக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். பிறகு பையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். அதுவும் கையால் எழுதினதுதான், காகிதமும் இருக்கிறது, பேனையும் இருக்கிறது, ஆனால் அதற்கு நான் ஒரு மதிப்பும் கொடுக்க மாட்டேன். கொடுத்தவருக்கு அது பற்றுச்சீட்டு, எழுதின பிள்ளைக்கு அது தான் ஏழை என்று சொல்லிக் கையெழுத்து வைத்த பத்திரம். இப்படி ஒரு திட்டம் நடத்துகிறவர்கள் வாசித்தால், தயவுசெய்து கடிதத்தைக் கட்டாயம் ஆக்காதீர்கள். கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையின் பிரதியை அனுப்புங்கள், எழுத விரும்புகிற பிள்ளை தானாக எழுதட்டும்.

தானாக எழுதுகிற பிள்ளை எப்படி எழுதும் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். 'நீங்கள் அனுப்பின காசில் கணித ரியூசனுக்குப் போறன். போன தவணை 38, இந்தத் தவணை 61. சைக்கிளுக்குப் பின் ரயர் மாத்தினது, மிச்சத்தில அம்மா தங்கச்சிக்குச் சப்பாத்து வாங்கினவ, அதைச் சொல்லச் சொன்னவ.' இப்படி ஒரு கடிதத்தை வாங்கினவர் தூக்கிப் போட மாட்டார். நன்றி என்ற சொல்லே அதில் வராவிட்டாலும் ஒன்றும் குறையாது. பெரியவர்கள் எழுதும்போதும் இதுதான் சூத்திரம்: அவர் என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது, இப்போது நிலைமை என்ன. பாதிப் பக்கம் காணும். சி.ஆர். கொப்பியில் கிழித்த ஒற்றை போதும், பூப்போட்ட அட்டை தேடி வவுனியாவுக்குப் போகத் தேவையில்லை. கடைசியில் இன்னொரு உதவி மட்டும் கேட்க வேண்டாம், கேட்கிறதென்றால் வேறு நாள், வேறு கடிதம்.

அனுப்புவது எப்படி? உள்ளூர்த் தபாலுக்குச் சாதாரணக் கடித முத்திரையை 2022 ஆகஸ்ட் நடுப்பகுதியில் 15 ரூபாவில் இருந்து 50 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தினார்கள், அப்போது ஊரெல்லாம் கத்தினோம், ஆனால் மல்லாவியில் இருந்து ஒருவர் பஸ் ஏறிப் போகிற காசோடு பார்த்தால் அது ஒன்றும் இல்லை. வன்னியில் வீட்டு இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். குடியேற்றத் திட்டக் கிராமங்களில் யுனிற்றும் வாய்க்காலும்தான் முகவரி, அதோடு வீட்டுக்காரரின் அப்பா பெயரையும் கடையோ கோவிலோ ஒரு அடையாளத்தையும் போட்டுவிட்டால் தபால்காரர் கண்டுபிடிப்பார். வெளிநாட்டுக்கு என்றால் தபாலை நம்பிக் கிழமைக் கணக்கில் காத்திருப்பதைவிட, எழுதின ஒற்றையை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மூலப் பிரதியை வைத்திருந்து ஆவணி விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது கையில் கொடுங்கள். பல பேர் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு இது பிடித்திருக்கிறது.

கடிதம் என்றால் காலத்துக்கும் நிற்கும் என்று சொல்பவர்களோடு மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன், வன்னியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. போன் இல்லாத காலத்தில் நாம் கடிதத்தில்தான் உயிர் வாழ்ந்தோம். வவுனியாவுக்குப் போகிற ஆட்களின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினோம், செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில், குடும்பச் செய்தி மட்டும் என்ற விதிப்படி, மூடி ஒட்டாமல் எழுதினோம், 2002இல் வன்னிக்கூடாகப் போகிற ஏ9 வீதி திறந்து மூச்சு விட்டு 2006 ஆகஸ்டில் அது மூடினபோது திரும்பவும் அதே தாளுக்குப் போனோம். அந்தக் கடிதங்கள் இன்று எத்தனை வீட்டில் இருக்கின்றன? 2009இல் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடினவர்களிடம் நன்றிக் கடிதம் எங்கே இருந்தது என்று கேட்க முடியுமா? தப்பினதைக் கறையான் தின்றது. போனும் தொலையும், தாளும் அழியும். ஆகவே நிலைக்கும் என்பதற்காகக் கடிதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வாசிக்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காகத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக ரீச்சர்மார். ஓய்வு பெறுகிற ஆசிரியருக்குப் பாராட்டு விழா என்றால் பொன்னாடை, மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா. அந்த வாழ்த்துப்பாவை எழுதினவருக்குப் பெரும்பாலும் அந்த ரீச்சரைத் தெரியாது, 'வற்றாத அறிவுச் சுனையே' என்று தொடங்கி ஆண்பால் பெண்பால் மாற்றி யாருக்கும் வாசிக்கலாம். ஊருக்கு அது மரியாதை, அதை நிற்பாட்டச் சொல்லவில்லை, காசு சேர்த்தால் நீங்களும் கொடுங்கள். ஆனால் உங்களுக்கென்று ஏதாவது சொல்ல இருந்தால், பத்தாம் வகுப்பில் இடம்பெயர்ந்து வந்து மரத்துக்குக் கீழே இருந்து படித்த காலத்தில் அவர் தன் கொப்பியைத் தந்தார் என்றோ, பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றபோது வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார் என்றோ, அதை ஒரு ஒற்றையில் எழுதி உறையில் போடுங்கள். மேடையில் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் நிகழ்ச்சியை நடத்துகிறவர் அதைப் பிரித்து ஒலிவாங்கியில் வாசித்துவிடுவார். விழா முடிந்து இரண்டு கிழமை கழித்துத் தபாலில் போடுங்கள், அந்த நேரம்தான் பள்ளிக்கூட மணி இல்லாமல் ரீச்சர் வீட்டில் இருப்பார்.